மறுப்புச் சொல்லாத ஆமைகள்

காட்டின் கீழ்ச்சரிவில் ஒரு குட்டை. அதில் நூறு ஆமைகள் குடியிருந்தன. சிங்கமும் மான்களும் மேட்டுச் சுனையில் தண்ணீர் குடிக்கும். ஆமைகளுக்கு அங்கே இடமில்லை. போனால் யாராவது மிதித்துவிட்டுப் போவார்கள், திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்!

அந்தக் குட்டையின் கரையில் ஒரு கழுதைப்புலி பெரிய குழி தோண்டியது. மேட்டு விருந்துகளில் மிஞ்சிய எலும்பையும் அழுகிய குடலையும் கொண்டுவந்து கொட்டியது. அழுகல் நீர் ஊறி ஊறிக் குட்டைக்குள் இறங்கியது. தண்ணீர் கறுத்தது. ஆமைகளின் கண்கள் வீங்கின. பாசிக்கண்ணி என்ற ஆமை கரை மணலில் பதினோரு முட்டைகள் இட்டிருந்தது. ஒன்றுகூடப் பொரியவில்லை. பாவம், அது தினமும் மணலைத் தோண்டித் தோண்டிப் பார்த்தது.

பாசிக்கண்ணிக்குப் பிறவியிலேயே சந்தேக புத்தி. இலை உதிர்ந்தால்கூட, "யார் தள்ளிவிட்டது?" என்று கேட்கும். ஆனால் மனசுக்குள்தான் கேட்கும்!

ஒரு நாள் காலையில் உடும்பு ஒன்று குட்டைக்கு வந்தது. யானை நீதிபதியின் சபையில் எளியவர்களுக்காக வாதாடும் வக்கீல் அது.

"அக்கா, குழிய மூடச் சொல்லி வழக்குப் போடலாம். நான் பேசறேன். கூலி ஒண்ணும் வேணாம்!" என்றது.

சும்மாவா? பாசிக்கண்ணிக்குச் சுருக்கென்றது. ஆமை முட்டை என்றால் உடும்புக்கு உயிராயிற்றே! அது உடும்பை முறைத்தது.

உடும்பு சிரித்தது. "நீங்க நினைக்கிறது புரியுது. ஆமா, முட்டை தின்னவன்தான். குட்டை செத்தா நானும் பட்டினிதான், அக்கா. அதான் வந்தேன். சரி, ஒண்ணு சொல்லுங்க. தோண்டுறதுக்கு முன்னாடி கழுதைப்புலி உங்களக் கூட்டி வச்சுக் கேட்டுச்சாமே? நூறு பேர்ல ஒருத்தர்கூட மறுப்புச் சொல்லலையாமே?"

கேட்டது உண்மைதான். "யாருக்காவது மறுப்பு உண்டா?" என்று கழுதைப்புலி அன்று கத்தியது. அந்நியர் சத்தம் கேட்டால் ஆமைகள் என்ன செய்யும்? நூறும் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டன. "மறுப்பு இல்லை!" என்று சொல்லிவிட்டு அது போய்விட்டது.

உடும்பு தானாகவே போய் வழக்குப் போட்டது. பாசிக்கண்ணி அதை நம்பவில்லை. ஆனால், 'இவன் சபையில் நம்மைப் பற்றி என்ன உளறப்போகிறானோ! போய்க் கண்ணால் பார்த்துவிடுவோம்' என்று கிளம்பியது. மற்ற ஆமைகளும் பின்னாலேயே கிளம்பின. இரண்டு நாள் ஊர்ந்து சபைக்குப் போய்ச் சேர்ந்தன.

"ஐயா, நான் கேக்காம தோண்டலை! வேணும்னா இப்பவே நீங்க ஒரு தடவ கேளுங்க!" என்றது கழுதைப்புலி.

யானை தொண்டையைக் கனைத்தது. "ஆமைகளே! உங்களுக்கு மறுப்பு உண்டா?"

அந்தக் குரலில் மரமே அதிர்ந்தது. நூறு தலைகளும் உள்ளே போயின! பாசிக்கண்ணியின் தலையும்தான்.

"பாத்தீங்களா!" என்று கழுதைப்புலி கெக்கலித்தது.

"ஐயா, இது சம்மதம் இல்ல, பயம்! ஆமைங்க வழக்கமே இதுதான்!" என்றது உடும்பு.

"முட்டைத் திருடன் பேச்ச நம்பாதீங்க!" என்று கழுதைப்புலி குறுக்கிட்டது.

யானை காதை ஆட்டியது. "வக்கீல் சொன்னா மட்டும் போதாது. பாதிக்கப்பட்டவங்க வாயத் திறக்கணும். இல்லேன்னா வழக்கு தள்ளுபடி!"

ஓட்டுக்குள் ஒரே இருட்டு. பாசிக்கண்ணியின் சந்தேகம் இப்போது வேறு பக்கம் திரும்பியது. 'நம்மைக் கேள்வி கேட்கச் சொல்வதில் இந்தக் கழுதைப்புலிக்கு ஏன் இத்தனை ஆசை? அட, நாம் தலையை இழுப்போம் என்று தெரிந்துதானே கேட்கச் சொல்கிறது! அன்றைக்கும் அப்படித்தானே கேட்டது!'

அதற்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சடக்கென்று தலையை வெளியே நீட்டியது.

"ஐயா, எனக்கு ஒரு சந்தேகம்! குழியால கெடுதல் இல்லேன்னா இவரு அத ஏன் தன் குகை வாசல்ல தோண்டல? அங்க எடம் நிறைய கெடக்கே?"

"அங்கயா? என் குட்டிங்க விளையாடுற எடமாச்சே!" என்று கழுதைப்புலி பதறியது. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டது.



"எனக்கும் பதினோரு குஞ்சு பொரிஞ்சிருக்கணும், ஐயா" என்றது பாசிக்கண்ணி. பின்னால் ஒவ்வொரு தலையாக வெளியே வந்தது.

யானை தீர்ப்புச் சொன்னது. "கழுதைப்புலியே! கொட்டினதையெல்லாம் நீயே அள்ளு, குழிய மூடு! இனிமே ஆமைங்க வாயத் திறந்து சரின்னு சொன்னாத்தான் அது சம்மதம்!"

பிறகு அது பாசிக்கண்ணியைக் குனிந்து பார்த்தது. "இந்தச் சந்தேகத்த அன்னிக்கே கேட்டிருக்கலாமே, அம்மா?"

"அன்னிக்கும் இருந்துச்சு, ஐயா. உள்ளேயே வச்சுக்கிட்டேன்."

குட்டைத் தண்ணீர் மெல்ல மெல்லத் தெளிந்துவிடும். அந்தப் பதினொன்று திரும்பி வராது.

வெளியே சொல்லாத சந்தேகத்தை அநியாயக்காரன் சம்மதம் என்று எழுதிக்கொள்வான். ஆகவே கேட்க வேண்டியதை, கேட்க வேண்டிய நாளிலேயே, நாலு பேர் முன்னால் வாய்விட்டுக் கேட்டுவிட வேண்டும்.