கல்யாணக் காரின் தானியங்கிச் சோக்கு

மேகமேட்டுக்காரர்கள் முட்டாள்கள் அல்லர் என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. அவர்கள் எல்லோரும் மேகமேட்டுக்காரர்கள்.

அந்த மலையூரின் நல்லதம்பிக்கு அன்று கல்யாணம். “மாப்பிள்ளை காரில் வந்து இறங்கினால்தான் பெண். இல்லையென்றால் என் அக்காள் மகன் தயாராக நிற்கிறான்” என்று அடிவாரத்து மாமனார் கறாராகச் சொல்லியிருந்தார். தாய்மாமன் குப்பாண்டி ஒரு பழங்காலக் காரை வாடகைக்குப் பிடித்தார்.

வண்டியைக் கொண்டுவந்து விட்ட மெக்கானிக் தாவூது, பானெட்டைத் தூக்கி கார்புரேட்டரின் வாயிலிருந்த சிறு தகட்டைக் காட்டினான். “இது ஆட்டோமேட்டிக் சோக்கு. குளிருல தானா மூடிக்கும், சூடேறினா தானா திறந்துக்கும். யாரும் கை வைக்காதீங்க. சாவியத் திருப்புங்க, போதும்.”

விடியற்காலைக் குளிரில் பட்டுவேட்டியோடு நடுங்கியபடி நல்லதம்பி எட்டிப் பார்த்தான். தகடு மூடியிருந்தது. அவன் நெஞ்சுக்குள் அந்த அக்காள் மகன் மாலையும் கழுத்துமாக ஒரு நடை நடந்து போனான்.

“மாமா, மூடியிருக்கே!”

“பூட்டின வீட்டுக்குள்ள எவன்டா நுழைவான்? முதல்ல திறக்கணும்” என்றார் குப்பாண்டி.

“கை வைக்கக் கூடாதே” என்றான் தோழன் செங்கோடன்.

“கைதானே வைக்கக் கூடாது? வெந்நீர் வைக்கக் கூடாதுன்னு சொன்னானா?”

சுற்றி நின்ற ஊர்ச்சபை இந்த நுட்பத்தை வியந்து ஏற்றது. வெந்நீரில் முக்கியெடுத்த துணியைக் கார்புரேட்டரின் மேல் போர்த்தினார்கள். அது மாப்பிள்ளையின் அங்கவஸ்திரம் என்றும், குப்பாண்டியின் தலைப்பாகை என்றும் இருவிதமாகச் சொல்லப்படுகிறது; இரண்டும் நனைந்திருக்கவே வாய்ப்பு அதிகம். உள்ளிருந்த சுருள்வில் சூட்டில் நெகிழ, தகடு திறந்தது. பெண்கள் குலவையிட்டார்கள்.

நல்லதம்பி சாவியைத் திருப்பினான். வண்டி இருமிவிட்டு அடங்கியது. குளிர்ந்த இஞ்சினுக்குக் காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கத்தான் அந்தத் தகடு மூடியிருந்தது என்பது அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. துணி ஆறியதும் அது மறுபடி மூடிக்கொண்டது.

“இஞ்சின் சூடாகலையே மாமா!”

“ஓடினாத்தானே சூடாகும்? தள்ளி ஓட்டுங்கடா. நமக்கு வேர்க்கிற சூட்டுல பாதியாவது அதுக்கு ஏறாதா?”

மாப்பிள்ளையை உள்ளே உட்காரவைத்து மலையிலிருந்து அடிவாரம் வரை தள்ளினார்கள். ஏற்றத்தில் இவர்கள் வண்டியைத் தள்ளினார்கள். இறக்கத்தில் வண்டி இவர்களை இழுத்துக்கொண்டு போனது.

ஒருவழியாகப் பந்தல் வாசல் வந்தது. கார் வந்ததே போதும் என்றிருந்த மாமனார், அது எப்படி வந்தது என்று பார்க்கவில்லை. மாலையோடு முன்னே வந்தார். “முகூர்த்தம் தப்பிடப் போகுது, இறங்குங்க மாப்பிள்ளை!”

நல்லதம்பி ஒரு காலை வெளியே வைத்தான். அதற்குள் குப்பாண்டி பானெட்டைத் தூக்கிவிட்டார். அடிவாரத்து வெயிலில் தகடு அகலத் திறந்திருந்தது.

“யாருமே கை வைக்கலடா! தம்பி, சாவியைத் திருப்பு!”

திருப்பினான். வண்டி கர்ஜித்தது.

செங்கோடன் கவலையோடு மாப்பிள்ளையின் காதருகே குனிந்தான். “இதுவரைக்கும் காரை நாங்கதானே கூட்டிக்கிட்டு வந்தோம்? இது நீ கார்ல வந்ததா ஆகுமா?”

பந்தலுக்குள் அக்காள் மகன் தலைவாரிக்கொண்டிருந்தான். நல்லதம்பி வெடுக்கென்று காலை உள்ளே இழுத்துக்கொண்டான்.

“ஏறுங்கடா எல்லாரும்! வீட்டுக்குப் போய் முறையாக் கிளம்பி வருவோம்!”

வண்டி திரும்பியது. மாமனார் மாலையும் கையுமாகப் பின்னால் ஓடிவந்தார். நல்லதம்பி ஜன்னல் வழியே தலையை நீட்டிக் கும்பிட்டான்.

“பதறாதீங்க மாமா! கார்லதான் வந்துக்கிட்டிருக்கேன்!”

வண்டி மலைமேல் ஏறி மறைந்தது.