பாதி மீசையில் அடித்த சேகண்டி

இதனால் சகல ஜனங்களுக்கும் அறிவிப்பது யாதெனில், நாளைக் காலை முதல் நம் நாட்டில் சோம்பல் ஒழிக்கப்படுகிறது! தூங்குபவர்களை எழுப்பியாவது இதைச் சொல்லிவிடவும்!

முன்னொரு காலத்தில், இப்படிப்பட்ட முரசொலிகளுக்குக் குறைவே இல்லாத ஒரு நாட்டை வீரபுரந்தரர் என்ற அரசர் ஆண்டுவந்தார். ஒருநாள் கொசுக்கடி தாங்காமல் கோழி கூவுமுன்பே விழித்துக்கொண்டார். அவ்வளவுதான், ஏதோ ஒரு கோட்டையைப் பிடித்துவிட்டதுபோல் அவருக்கு மார்பு விரிந்தது. "ஒரு நாளில் இன்னும் எவ்வளவோ சாதிக்கலாமே! வழி சொல்லும்!" என்று மந்திரி மதிவாணராயரிடம் கேட்டார்.

மந்திரி நல்ல பழக்கங்களாக அடுக்கினார். நீராடுவது, மூச்சைக் கவனிப்பது, நடப்பது, செய்யவேண்டிய வேலையைப் பற்றிச் சிந்திப்பது, சிந்தித்தது சரிதானா என்று மறுபடி சிந்திப்பது. நாழிகைக்கு ஒருமுறை சேகண்டி ஒலிக்கும். உடனே கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு அடுத்த பழக்கத்துக்குப் போய்விட வேண்டும். விட்ட வேலையை மறுநாள் அதே நாழிகையில் தொடரலாம்.

"இதைக் கண்காணிக்க அம்பலக்கூத்தனைவிடத் தகுந்தவர் யார்?" என்றார் மந்திரி தேனொழுக. "அரண்மனையில் ஒருவர் கட்டளையை மீறினாலும், கண்காணிப்பவர் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்."

அம்பலக்கூத்தன் அரசவை விகடன். முகத்தில் வெயில் அடித்தபிறகுதான் எழுந்திருப்பான். ஆனாலும் அரசர் அவனிடம் ஒப்படைத்த வழக்குகளையெல்லாம் உச்சிப்பொழுதுக்குள் தீர்த்துவிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பான். நாள் முழுக்க ஓடியும் ஒன்றையும் முடிக்காத மந்திரிக்கு அதைப் பார்த்தாலே வயிறு எரியும். இது தன்னை ஊரைவிட்டுத் துரத்தும் ஏற்பாடு என்று கூத்தனுக்குப் புரியாமலில்லை. ஆனால் பயந்து பின்வாங்குவது அவனுக்குப் பழக்கமில்லை.

"உத்தரவு மகாராஜா. ஓர் எழுத்தும் பிசகாமல் நடத்திக்காட்டுகிறேன்" என்று நிமிர்ந்து சொன்னான்.

மறுநாள் அண்டை நாட்டுத் தூதர் வருவதாக இருந்தது. அந்த நாட்டு மன்னர் மீசைக்குப் பேர்போனவர். நம் அரசரும் விட்டுக்கொடுப்பவரா? அன்று காலை சபையிலேயே நாவிதர் மருதையனை வரவழைத்து ஆசனத்தில் சாய்ந்தார். கூத்தன் நாழிகை வட்டிலை எட்டிப் பார்த்தான். தனக்குள் சிரித்துக்கொண்டு, "ஆரம்பிக்கலாம் மருதையரே" என்றான்.

வலப்பக்கம் மழித்து, மீசையை ஒதுக்கி, முறுக்கி முடித்தார் மருதையன். இடப்பக்கம் கத்தியை வைக்கப்போனார்.

டங்! கூத்தன் கையிலிருந்த சேகண்டியை ஓங்கி அடித்தான்.

மருதையன் கத்தியை மடக்கினார். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"என்ன இது? மீதி என்னாவது?" என்று அலறினார் அரசர். அவர் மீசை ஒருபுறம் வாள்போலவும் மறுபுறம் நனைந்த துடைப்பம்போலவும் இருந்தது.

"மூச்சைக் கவனிக்கிறார் மகாராஜா. பிறகு நடக்கவேண்டும், சிந்திக்கவேண்டும். மீசை நாளைக்கு" என்றான் கூத்தன்.

அந்நேரம் வாயிற்காவலன் மூச்சிரைக்க வந்து விழுந்தான். "சாமி, நான் நடைப்பழக்கத்துலதான் வர்றேன், குத்தம் சொல்லாதீங்க! தூதர் வந்துட்டாரு. கோட்டைக் கதவைப் பாதி திறக்கையிலே சேகண்டி அடிச்சிருச்சு. யானை தலை உள்ளே, ஒடம்பு வெளியே. தூதர் மேல உக்காந்து என்னென்னவோ திட்டுறாரு!"

அரசர் மந்திரியைப் பார்த்தார். அந்த அரை மீசை துடித்த துடிப்பில் மந்திரிக்குச் சகலமும் மறந்துபோயிற்று.

"டேய் மருதையா, எழுந்திருடா! கட்டளையாவது மண்ணாவது! தொட்ட வேலையை முதலில் முடி!" என்று கத்தினார் மந்திரி.

மருதையன் பதறி எழுந்து கத்தியை விரித்தார். கூத்தன் சேகண்டியைக் கீழே வைத்தான். மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

"கட்டளை மீறப்பட்டுவிட்டது மகாராஜா. சொன்ன சொல்லுக்கு நான் கட்டுப்பட்டவன். விடைகொடுங்கள்."

"நில்!" என்றார் அரசர், கத்திக்கடியில் தாடை அசையாமல். "மீறியவர் மந்திரியல்லவா?"

"அவரைக் குறை சொல்லாதீர்கள். காலையிலிருந்து இந்த அரண்மனையில் யாரும் சொல்லாத நல்ல வார்த்தையை அவர்தான் சொன்னார். தொட்ட வேலையை முடிப்பது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த பழக்கம். அதை வைத்துக்கொண்டுதான் இத்தனை காலம் தலைநிமிர்ந்து தூங்குகிறேன்."

அரசருக்குச் சிரிப்பு பீறிட்டது. மருதையன் கையை இழுத்துக்கொண்டதால் மூக்கு தப்பியது. சிரித்து முடித்து, மீசையும் முடிந்தபின், கட்டளையை ரத்துசெய்தார். தம் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தன் கழுத்தில் போட்டார். யானையை விடுவிக்கும் பொறுப்பை மந்திரியிடம் கொடுத்தார். சபையே எழுந்து நின்று நாட்டின் பெருமையைப் பாடியது.

அன்று அந்த நாட்டில் உருப்படியாக முடிந்த வேலை அந்தச் சவரம் ஒன்றுதான்.