செம்மண் சீருடை

ஒரு காட்டில், குழந்தைகளே, மருதமரத்தடியில் ஒரு பள்ளி நடந்துவந்தது. பாடம் சொல்லித்தந்தது கரடி. வாயிலில் காவல் நின்றது ஆட்காட்டிக் குருவி. வேற்று நிறம் ஒன்று புதரில் அசைந்தாலும் போதும், கூவிக் காட்டையே எழுப்பிவிடும். எவரையும் எளிதில் நம்பாததால் பிள்ளைகள் அதற்குச் ‘சந்தேகத்தம்மா’ என்று பெயர் வைத்திருந்தனர்.

அப்பள்ளியில் ஒரு குறை இருந்தது. மான்குட்டிகள் தங்கள் புள்ளிகளை மெச்சிக்கொண்டு, நெருஞ்சி என்னும் முள்ளெலிக் குட்டியைக் கேலி செய்தன. துடைப்பம் ஒன்று பாடம் படிக்க வந்திருக்கிறதாம். நெருஞ்சி பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிட்டது.

இதைக் கேள்வியுற்ற நரி கரடியிடம் ஒரு யோசனை சொன்னது. பிள்ளைகள் அனைவரும் காலையில் குட்டையில் புரண்டு, உடல் முழுவதும் செம்மண் பூசி வரட்டும். அதுவே சீருடை. பிறகு யார் யாரைக் கேலி செய்வது?

கரடி மகிழ்ந்தது. ஆட்காட்டி மட்டும் நரியை ஏற இறங்கப் பார்த்தது.

“நரி அண்ணா, உங்கள் வீட்டில் படிக்கும் பிள்ளை எவரும் இல்லையே. உங்களுக்கு ஏன் இந்த அக்கறை?”

“பிள்ளை இல்லாதவனுக்கு ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் தன் பிள்ளைகள்தானே, அம்மா.”

பதில் இனிமையாக இருந்தது. அதனாலேயே ஆட்காட்டிக்கு அது பிடிக்கவில்லை.

எனினும் சீருடை நன்மையே செய்தது. கேலி ஓய்ந்தது. நெருஞ்சி திரும்பி வந்து முதல் வரிசையில் அமர்ந்தது. செம்மண் பூசியவரை உள்ளே விடு, பூசாதவரை நிறுத்து என்று கரடி ஆட்காட்டிக்குக் கட்டளையிட்டது.

ஒரு காலையில் ஓடையைக் கடந்து வந்த மான்குட்டி ஒன்றின் மேல் மண் கரைந்து போயிருந்தது. கரடி அதை வாயிலிலிருந்தே திருப்பி அனுப்பியது. ஆட்காட்டிக்கு மனம் உறுத்தியது. நிறத்தைப் பார்த்து நம் பிள்ளையை விலக்குகிறோம் என்றால், நிறத்தைப் பார்த்தே வேறு எவரையும் உள்ளே விட்டுவிடுவோம் அல்லவா?

அது வரிசையைக் கூர்ந்து நோக்கியது. தும்பை என்னும் முயல்குட்டியை ஒட்டி, செம்மண் பூசிய ஓர் உருவம் பதுங்கினாற்போல் நின்றது. வாலைக் கால்களுக்கிடையே செருகியிருந்தது.

“ஐயா, கடைசியில் நிற்பது யார்?” என்று கரடியிடம் மெல்லக் கேட்டது.

“சீருடை ஒழுங்காக இருக்கிறது. பிறகு என்ன சந்தேகம்?”

உள்ளே சென்றபின் ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு போக எவ்வளவு நேரம் ஆகும்? ஆட்காட்டி வாயிலின் குறுக்கே நின்றது. வகுப்பில் பக்கத்தில் அமர்வது யார் என்று சொன்னவர்தாம் உள்ளே செல்லலாம் என்றது.

“தும்பை. கணக்கு வராவிட்டால் தன் காதையே கடிப்பாள்” என்றது நெருஞ்சி.

“நெருஞ்சி. நல்லவன்தான், ஆனால் தள்ளித்தான் உட்காருவேன். குத்துவான்” என்றது தும்பை.

கடைசி உருவத்தின் முறை வந்தது.

“அதோ, அந்த முயல்.”

“பெயர்?”

உருவத்தின் பார்வை தும்பையை விட்டு நகரவில்லை. “அந்தக் கொழுத்த முயல், அம்மா.”

ஆட்காட்டி கூவிய கூவலில் காடு அதிர்ந்தது. கரடி கையை ஓங்கிக்கொண்டு எழுந்தது. செம்மண் சிதற நரி ஓடிய ஓட்டம் இன்னும் நின்றதாகத் தெரியவில்லை.

வெட்கிய கரடி, இனிச் சீருடையே வேண்டாம் என்றது. அதைக் கேட்ட நெருஞ்சி தலை கவிழ்ந்து முட்களுக்குள் சுருண்டுகொண்டது.

“மண் இருக்கட்டும், ஐயா” என்றது ஆட்காட்டி. “நரி சொன்னதாலேயே அது கெட்டதாகிவிடாது. ஆனால் இனி வாயிலில் மண்ணைப் பார்க்க மாட்டேன். முகத்தைப் பார்ப்பேன். மண் கரைந்த பிள்ளையும் உள்ளே வரட்டும்.”

நீதி: பிள்ளைகளுக்குள் ஏற்றத்தாழ்வை மறைக்கச் சீருடை உதவும்; ஆளை அறிந்துகொள்ள அது உதவாது.