மத்தாப்பும் பாடைச் சுழியும்

ஒரு ஊர்ல ஒரு குதிரை இருந்துச்சு. சாம்பல் நிறம், பேரு மத்தாப்பு. ஏன் அந்தப் பேருன்னா, அது ஒரு தும்மல் போட்டா சர்ர்ர்ருன்னு நாலு பக்கமும் தெறிக்கும். ம் சொல்லு, அப்பத்தான் சொல்லுவேன்.

ம்.

அந்த மத்தாப்பை வளர்த்தவ நாச்சாயி. மலை அடிவாரத்துல இட்லிக்கடை வெச்சிருந்தா. தினமும் விடிஞ்சதும் ரெண்டு கூடை இட்லியை மத்தாப்பு முதுகுல கட்டிக்கிட்டு, டக்கு டக்கு டக்குன்னு மலை ஏறுவா. மேல இருக்குற ஊருங்களுக்குப் பஸ்ஸும் கிடையாது, ரோடும் கிடையாது. மத்தாப்புதான் பஸ்ஸு, மத்தாப்புதான் ரோடு. அது இல்லேன்னா அங்க இருக்குற பிள்ளைங்களுக்குக் காலையில இட்லி இல்ல.

அப்புறம் ஆடி மாசம் வந்துச்சு, திருவிழா வந்துச்சு. அந்த ஊர்ல ஒரு வழக்கம். திருவிழாவுக்கு முன்னாடி எல்லாக் குதிரைக்கும் சுழி பாப்பாங்க. சுழின்னா என்ன தெரியுமா? முடி ஒரு இடத்துல வட்டமா சுத்திக்கிட்டு இருக்கும்ல, அதுதான். உன் உச்சந்தலையில கூட ஒண்ணு இருக்கு, தொட்டுப் பாரு. உனக்கு இருந்தா அழகு, குதிரைக்கு இருந்தா அதுக்கு ஒரு பலன் சொல்லுவாங்க! நெத்தியில இருந்தா ராஜ யோகமாம். முதுகுல இருந்தா பாடைச் சுழியாம், சாவு வருமாம். முடி சுத்துனதுக்கும் சாவுக்கும் என்ன சம்பந்தம்னு ஒருத்தரும் கேக்கல. நாச்சாயி கேட்டா.

சுழி பாக்குறவர் குதிரைத் தரகர் பெத்தண்ணன். பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல். இத்தனை வருஷமும் சுழி பாக்குற நேரத்துல மத்தாப்பு இட்லியோட மலை மேல இருக்கும், இந்தத் தடவைதான் மாட்டுச்சு. அவரு அது முதுகைத் தடவினாரு. தடவினதும் சுடுசட்டியைத் தொட்ட மாதிரி கையை உதறினாரு.

"அய்யய்யோ, பாடைச் சுழி! இது நிக்கிற வீட்ல எழவு விழும். கொடி ஏறுறதுக்குள்ள ஊர் எல்லையைத் தாண்டி இதை ஓட்டி விட்டுடணும்!"

"ஆறு வருஷமா எங்கூட்லதாங்க நிக்குது," அப்படின்னா நாச்சாயி. "எங்க எழவு விழுந்துச்சு? எங்கூட்டுக் கிழட்டுப் பூனைகூட இன்னும் சாகலயே!"

கூட்டம் கெக்கேகெக்கேன்னு சிரிச்சுது. தரகருக்குக் கோபம் வந்துருச்சு.

"உன் வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல புள்ள. குதிரை இருக்குற லட்சணத்தைப் பாரு, மேலெல்லாம் மாவும் அடுப்புப் புகையும்! என் ராஜாளியையும் பாரு. பட்டணத்து ஷாம்பு, பட்டணத்து வாசனை எண்ணெய்!"

ராஜாளி அவரோட கறுப்புக் குதிரை. மூணு வருஷமா சாமிக்கு முன்னாடி முரசு சுமந்துக்கிட்டுப் போறது அதுதான்.

அப்போ பூசாரி சடையப்பர் நடுவுல வந்தாரு. "அம்மிணி, இன்னும் மூணு நாள் இருக்கு. தோலு மின்னணும், வால்ல ஒரு சிக்கு இருக்கப்படாது, குளம்பு பளபளக்கணும். மூணும் சரியா இருந்தா உன் குதிரை ஊர்லயே இருக்கட்டும். ஒண்ணு குறைஞ்சாலும் எல்லையைத் தாண்டணும்."

நாச்சாயி வீட்டுக்கு வந்து அடுப்படியில உக்காந்துட்டா. பட்டணத்து டப்பா ஒண்ணுகூட இல்ல. மத்தாப்பு ஜன்னல் வழியா மூக்கை நீட்டி, ப்ர்ர்ர்னு அவ கழுத்துல ஊதுச்சு. "உன்னை நான் விடுவேனா?" அப்படின்னு அது மூக்கைப் பிடிச்சுக்கிட்டா. அப்புறம் சேலையைத் தூக்கிச் சொருகினா. எந்திரிச்சா!

முதல் நாள் தோலு. தன் தலைக்கு என்ன போடுவாளோ அதையே எடுத்தா. தேங்கா நாரால சர்க் சர்க்குன்னு மேல் அழுக்கை உதிர்த்தா. மத்தாப்பு கண்ணை ஈரத்துணியால மறைச்சுட்டு சீயக்காய் தேச்சா. அப்புறம் சிவப்பரிசி வடிச்ச கஞ்சியைத் தண்ணியா கலக்கி ஊத்தி, நல்லா அலசினா. மத்தாப்பு உடம்பைச் சிலிர்த்துச்சு பாரு, படபடபட! நாச்சாயிக்கும் சேர்த்துக் குளியல்.

அப்போ சுவத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மீசை எட்டிப் பாத்துச்சு. யாரு மீசை?

ம்... தரகரு.

அவரேதான்! செவசெவன்னு ஏதோ ஊத்துறாளேன்னு பாத்தாரு. ஓகோ, வெல்லப்பாகு போலன்னு நெனச்சுக்கிட்டாரு. அடுப்படிக்குள்ள ஒரு நாள் எட்டிப் பாத்திருந்தா கஞ்சிக்கும் பாகுக்கும் வித்தியாசம் தெரிஞ்சிருக்கும். எங்க போனாரு?

ரெண்டாம் நாள் வாலு. வால் பூரா நாயுருவி முள்ளு ஒட்டிக்கிட்டுக் கயிறா திரிஞ்சு கிடந்துச்சு. நாச்சாயி பின்னாடி நிக்கல, உதை விழும். பக்கவாட்டுல நின்னுக்கிட்டா. விளக்கெண்ணெயைச் சொட்டுச் சொட்டா விட்டு, கீழ நுனியில இருந்து ஒவ்வொரு இழையா விரலாலயே பிரிச்சா. அரை நாள் ஆச்சு. சீப்பைத் தொடவே இல்ல.

மூணாம் நாள் குளம்பு. தேஞ்சுபோன தோசைத் திருப்பியால குளம்புக்கு அடியில இருந்த கல்லையும் சேத்தையும் நோண்டி எடுத்தா. தேங்காயெண்ணெய்ல கொஞ்சம் வேப்பெண்ணெய் கலந்து பூசினா. எண்ணெய் கசப்பு நாத்தம்தான், ஆனா ஒரு ஈ கிட்ட வரல.

விடிஞ்சுது. பீப்பீ டும்டும்னு மேளம்! ஊரே கோயில் முன்னாடி கூடிருச்சு. பூசாரி மத்தாப்பு மேல கை வெச்சாரு, கை வழுக்கிக்கிட்டுப் போச்சு. வால்ல விரலை விட்டாரு, சல்லுன்னு கீழ வந்துச்சு. குனிஞ்சு குளம்பைப் பாத்தாரு, அவரு மூஞ்சியே அதுல தெரிஞ்சுது.

"மூணும் சரி!"

எல்லாரும் கை தட்டினாங்க. தரகர் மட்டும் கையைக் கட்டிக்கிட்டாரு.

"எல்லாஞ் சரி பூசாரி. சுழி அங்கயேதானே இருக்கு?"

பூசாரி தாடியைச் சொறிஞ்சாரு. "அதுவும்... சரிதான்."

"எதுங்க சரி?" நாச்சாயிக்கு மூக்கு செவந்துருச்சு. "மூணு சொன்னீங்க, மூணும் செஞ்சேன். செஞ்சு முடிச்ச பெறகு நாலாவதா ஒண்ணு சொன்னா அதுக்குப் பேரு நியாயமா? நாளைக்குக் குதிரை பாட்டுப் பாடணும்பீங்களா?"

நீயே சொல்லு, அவ கேட்டதுல என்ன தப்பு?

தரகரு பதில் சொல்ல வாயைத் தொறந்தாரு. அப்போ, ஙொய்ய்ய்ய்ய்! ராஜாளியைச் சுத்தி ஈ! ஒண்ணு ரெண்டு இல்ல, ஊர்ல இருந்த ஈ மொத்தமும். ஏன்னா தரகரு நாச்சாயியைக் காப்பியடிக்கிறேன்னு அதோட பிடரி பூரா வெல்லப்பாகைப் பூசி வெச்சிருந்தாரு! கூடவே எறும்பும் வரிசையா ஏறுது. ராஜாளி தாவுச்சு, உதறுச்சு, முரசு கீழ விழுந்து டம டம டமன்னு உருண்டு ஓடுச்சு. வலி தாங்காம அது குளத்தோரச் சேத்துல விழுந்து புரண்டுச்சு.

"நாச்சாயி, ஏதாச்சும் பண்ணு புள்ள!" தரகரு அழுதே போட்டாரு.

"உங்களுக்காக இல்ல. அது என்ன பண்ணுச்சு பாவம்," அப்படின்னு நாச்சாயி வீட்டுக்கு ஓடி சீயக்காய்ச் சட்டியோட வந்தா. பிடரியைக் கழுவினா, கழுத்தைக் கழுவினா.

"முதுகு வேண்டாம்!" தரகரு கத்தினாரு. "முதுகை விட்டுடு தாயீ!"

"முதுகுலயும் எறும்புங்க!" சர்க் சர்க் சர்க். கறுப்புத் தண்ணியா ஓடுச்சு. விளக்குக் கரியும் கோந்தும்! அது கரையக் கரைய, படிஞ்சு கிடந்த முடி மெல்ல எந்திரிச்சு, வட்டமா சுத்திக்கிட்டு நின்னுச்சு.

பாடைச் சுழி.

மேளம் நின்னுபோச்சு. கூட்டத்துல ஒருத்தன், "ரெண்டையும் எல்லையைத் தாண்டி ஓட்டுங்கடா!"ன்னு கத்தினான்.

நாச்சாயி ரெண்டு குதிரைக்கும் நடுவுல போய் நின்னா. "மூணு வருஷமா சாமிக்கு முன்னாடி போனது இந்தச் சுழிதானே? மழை பெஞ்சுதா இல்லியா?"

ஊரே, "ம்," அப்படின்னுச்சு.

"கம்பு வெளஞ்சுதா?"

"ம்."

"கொழந்தைங்க பொறந்துச்சா?"

"ம்!"

"அப்போ இந்த முடி யாரைக் கொன்னுச்சு?"

தரகரு தலையைக் குனிஞ்சுக்கிட்டே வந்தாரு. "குட்டியில இருந்து கையில பால் குடுத்து வளர்த்தேன் அம்மிணி. இதை ஓட்டி விட எனக்கு மனசு வரல. அதான் மறைச்சேன்."

"எனக்கு மட்டும் வருமாண்ணா?"

அவ்வளவுதான் கேட்டா. பெரிய மீசை கிடுகிடுன்னு நடுங்குச்சு. அவரு ஓடிப்போய் முரசை எடுத்துக்கிட்டு வந்து, தன் கையாலயே மத்தாப்பு முதுகுல கட்டினாரு. சரியா அந்தச் சுழிக்கு மேல. பூசாரி, "அடிங்கப்பா மேளத்தை!"ன்னாரு. டும் டும் டும்! முன்னாடி மத்தாப்பு, பக்கத்துல சொட்டச் சொட்ட நனைஞ்ச ராஜாளி. போற வழியில மத்தாப்பு ஒரு தும்மல் போட்டுச்சு பாரு, சர்ர்ர்ரு! முதல் வரிசையே நனைஞ்சுது.

ம்?

உன் ம் சத்தமே காணோம். குதிரை மலையேறிருச்சு, கதையும் கூடவே ஏறிருச்சு. நீ கண்ணை மூடு.