ஆள்காட்டி காட்டிய வழி

வற்றிப்போன கண்மாய் ஒன்றில் ஆள்காட்டிக் குருவியும் முயலும் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்தன. ஆள்காட்டி சரளைக் கற்களுக்கு நடுவே முட்டையிட்டு அடைகாத்தது. முயல் தன் ஒற்றைக் குட்டியைக் கோரைப்புல்லில் ஒளித்து வைத்திருந்தது.

பிள்ளை வளர்ப்பதில் இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை. பெற்றதைத் தனியே போட்டுவிட்டுப் பகலெல்லாம் எங்கோ கிடக்கிறாளே என்று ஆள்காட்டி குறை சொல்லும். தாய் பக்கத்தில் இருந்தால் அவள் வாசனையே நாயைக் கூட்டி வந்துவிடும், பொழுது சாயும்போது வந்து பாலூட்டினால் போதும் என்று முயல் சொல்லும். ஆனாலும் பகை இல்லை. "அக்கா, குட்டியைக் கொஞ்சம் பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் முயல் கிளம்பும்.

ஒரு மத்தியானம் கண்மாய்க்குள் நாய் ஒன்று இறங்கியது. மோப்பம் பிடித்தபடி நேரே சரளையை நோக்கி வந்தது. ஆள்காட்டி கத்திப் பார்த்தது. தலைக்கு மேலே பாய்ந்து பார்த்தது. நாய் மசியவில்லை. கடைசியில் தரையில் விழுந்து, ஒடிந்த சிறகை இழுப்பதுபோல் தத்தித் தத்தி ஓடியது. நாய் முட்டைகளை விட்டுவிட்டு அதைத் துரத்தியது.

எந்தப் பக்கம் வேண்டுமானாலும் ஓடியிருக்கலாம். வெறும் தரையில் ஓடினால் நாய் ஏமாந்து திரும்பி வந்துவிடும். வாய்க்கு ஏதாவது கிடைத்தால் திரும்பாது. இது ஆள்காட்டிக்குத் தெரியும். அது கோரைப்புல்லுக்குள் ஓடியது. குட்டி கிடந்த இடம் வந்ததும் மேலே பறந்துவிட்டது.

பொழுது சாய்ந்ததும் மடி கனக்க முயல் வந்தது. புல்லெல்லாம் தேடியது. பிறகு ஆள்காட்டியிடம் போய்க் கேட்டது. நாய் வந்ததையும், தான் கத்தியதையும், முடிந்ததையெல்லாம் செய்ததையும் ஆள்காட்டி சொன்னது.

"குட்டி ஓடவில்லையா, அக்கா?"

"இல்லை. நீ பழக்கியபடி அசையாமல்தான் கிடந்தது."

முயல் கோரைப்புல்லுக்கே திரும்பிப் போனது.

மறுநாள் சேதி கேட்டுக் கவுதாரிகளும் ஓணான்களும் வந்தன. உயிரைக் கொடுத்து நாயை இழுத்துப் போனாளே, தாய் என்றால் இவள்தான் தாய் என்று ஆள்காட்டியைப் புகழ்ந்தன. ஒரு கவுதாரி, முயலின் காதில் விழும்படியே சொன்னது:

"கூட இருந்து காக்கத் தெரியாதவளுக்குப் பிள்ளை எதற்கு?"

ஆள்காட்டி முட்டைகளை அலகால் மெல்லப் புரட்டிவிட்டு, மறுபடி மேலே உட்கார்ந்தது.