கவுன்சிலர் வீட்டு வேகத்தடை

எங்கள் வார்டு கவுன்சிலர் மகுடேஸ்வரன் தினமும் தரையோடு தாழ்ந்த ஸ்போர்ட்ஸ் காரில்தான் சுற்றுவார். ஒருநாள் வண்டியின் அடி ரோட்டில் தட்டுகிறதென்று மெக்கானிக் துளசிமணியிடம் வந்து அதட்டினார்.

"வண்டி ஒரு விரல்கூட உயரக்கூடாது. அடியும் தட்டக்கூடாது. இருபதாயிரத்துக்குள்ள முடி. இல்லேன்னா கடையை மூடு!"

துளசிமணி பழைய உதிரிபாக மார்க்கெட்டில் நல்ல ஷாக் அப்சார்பர்களாகத் தேடிப் பிடித்து மாட்டினாள். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஊரெல்லாம் ஓட்டினாள். எந்தப் பள்ளத்திலும் தட்டவில்லை. அவர் வீட்டு வாசல் வேகத்தடையில் மட்டும் 'டமார்' என்றது.

"பாத்தியா!" என்று கத்தினார். தெருவே கூடிவிட்டது.

துளசிமணி தெரியாதவள்போலக் கேட்டாள். "வண்டி வேலை முடிஞ்சுதுங்க. இந்த வேகத்தடையத்தான் இறக்கோணும். யாரு போட்டதுன்னு சொல்லுங்க, நானே போய்க் கேக்கறேன்."

தன் வீட்டுக் கெத்துக்காக அதை ஒரு சாண் உயரத்துக்குப் போடச் சொன்னவரே அவர்தான். கூட்டம் சிரித்தது.

மறுநாளே அதை உடைத்தார்கள். தினமும் அதில் அடிபட்ட தெருக்காரர்கள் கூப்பிட, அன்று துளசிமணி மூன்று வீட்டில் காபி குடித்தாள்.