தட்டு ஏந்தி நின்றவர்

அர்மானுக்கு அறுபத்து மூன்று வயது. பாரிஸ் நாடக மேடைகளில் முப்பது வருடம் ராஜா வேஷம் கட்டியவர். சினிமாவிலும் நாலைந்து படம் செய்தார். ஒரு நாள் மேடையில் வசனம் மறந்துபோனது. அடுத்த வாரம் மறுபடியும். அதற்கப்புறம் யாரும் கூப்பிடவில்லை. அவ்வளவுதான்.

டப்பிங்குக்கு வந்தார். மனப்பாடம் செய்கிற வேலை அங்கே இல்லை. திரையில் படம் ஓடும். அதன் அடியில் வசனம் எழுதிய பட்டை ஓடும். படித்தால் முடிந்தது என்று நினைத்துக்கொண்டார்.

தொழிலைச் சொல்லிக்கொடுத்தவர் மிரேய். அவரைவிட இருபது வயது இளைய பெண். குரலை மட்டும் விற்று வாழ்கிறவர்.

அன்றைக்கு ஒரே காட்சி. ரயில் நிலையத்தில் ஒரு அப்பா மகளை வழியனுப்புகிறார். ஒரே வரி: "மழை வரும்போல இருக்கு. குடை எடுத்துக்கிட்டியா?"

ஏழு தடவை சொல்லியாயிற்று. உதட்டசைவு பொருந்தியது. வேறெதுவும் பொருந்தவில்லை.

"ஐயா, மக ரயில் ஏறத்தான் போறா. போருக்கு இல்ல," என்றார் ஒலிப்பதிவாளர் லூசியன், கண்ணாடிக்குப் பின்னாலிருந்து. "இன்னும் ஒரு தடவை பார்க்கலாம். வரலைன்னா வேற ஆளைக் கூப்பிடச் சொல்லியிருக்காங்க."

அர்மான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"இதுவும் போச்சுன்னா எனக்குப் போக வேற இடம் கிடையாது, மிரேய். என்ன தப்பு பண்றேன்? சொல்லிடுங்க."

"உங்க மக கையில என்ன வச்சிருக்கா?"

"எந்த மக?"

"படத்துல இருக்கற மக."

அர்மான் யோசித்தார். காலையிலிருந்து அந்தக் காட்சிதான் ஓடுகிறது.

"பெட்டியா?"

"குடை."

லூசியன் சிரித்துவிட்டார். அர்மானுக்குச் சிரிப்பு வரவில்லை.

"கையிலேயே இருக்கா? அப்புறம் எதுக்குக் கேக்கறார்?"

மிரேய் திரையைக் கை காட்டினார்.

"நான் எழுத்தைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்," என்றார் அர்மான். "கண்ணை எடுத்தா மறந்துடுமோன்னு பயம்."

மிரேய் எழுந்து போனார். கழுத்துத் துணியை அவிழ்த்து, வசனப் பட்டை ஓடுகிற இடத்தை மூடித் தொங்கவிட்டார். திரும்பி வந்து அவர் பக்கத்தில் நின்றார்.

"மறந்தா மறக்கட்டும்."

"இதையெல்லாம் நீங்க எங்க கத்துக்கிட்டீங்க?"

"மேடையில. நாலு வருஷம் வேலைக்காரி வேஷம். வசனமே கிடையாது. பழத் தட்டோட ராஜா பக்கத்துல நிக்கணும்."

"எந்த நாடகம்?"

"உங்க நாடகம்தான்."

அர்மான் மிரேயின் கைகளைப் பார்த்தார். தினமும் அந்தத் தட்டிலிருந்து ஒரு பேரிக்காயை எடுத்துக் கடித்தது ஞாபகம் வந்தது. தட்டைப் பிடித்திருந்த கை ஞாபகம் வரவில்லை.

"நான் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கல, இல்லையா?"

"இல்ல."

"கோவம் வரலையா?"

"முதல் வருஷம் வந்துச்சு. கால் வலி வேற." மிரேய் லேசாகச் சிரித்தார். "பேசறதுக்கு முன்னாடி நீங்க ஒரு மூச்சு இழுப்பீங்க. முதல் வரிசையில இருக்கறவங்களுக்குக்கூடத் தெரியாது. பக்கத்துல நிக்கறவளுக்குத் தெரியும். தட்டைப் பிடிச்சுக்கிட்டே நானும் இழுப்பேன். அந்த மூச்சை வச்சுத்தான் இன்னைக்கு வரைக்கும் சாப்பிடறேன்."

ஒலிப்பதிவுக்கான சிவப்பு விளக்கு எரிந்தது. அர்மான் எழுந்து மைக் முன்னால் நின்றார்.

நடைமேடை தெரிந்தது. அப்பா. மகள். அவள் கையில் குடை. அப்பாவின் மார்பு மெல்ல ஏறியது. அர்மானின் மார்பும் ஏறியது. மிரேயின் மார்பும்.

"மழை வரும்போல இருக்கு. குடை எடுத்துக்கிட்டியா?"

அது மேடைக் குரல் இல்லை; மைக்கைத் தாண்டி எங்கேயும் போகவில்லை. ரயில் கிளம்பியது. படம் நின்றது. லூசியன் விளக்கை அணைக்க மறந்துபோனார்.

அர்மான் வெற்றுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரயில்ல ஏறினப்புறம் அவ திரும்பிப் பார்க்கறா, மிரேய்."

"முன்னாடி ஏழு தடவையும் பார்த்தா," என்றார் மிரேய்.